பொய் சொல்லாத நோயாளி

"மறுபடியும் ஓட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தன் நகையை இன்னொருத்தி போட்டுக்கொண்டு மேடையில் நிற்பது போன்ற காட்சியை ஒரு தடவை பார்ப்பதே கொடுமை. காலையிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னால்? பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானைத் தட்டினாள். கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டிக் கம்பெனியின் கோட்டுக்காரன் இன்னொரு முறை இளித்தான். 'உணவு ஆலோசகர்களுக்காகவே, அவர்களோடு உட்கார்ந்து உருவாக்கிய மென்பொருள்' என்றான்.

உட்கார்ந்தானாம்! எங்கே உட்கார்ந்தான்? உட்கார்ந்தவள் இவள். அக்காவின் ஆலோசனை அறை மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஏறக்குறைய ஒரு வருடம். அக்கா ஊரறிந்த டயட்டீஷியன். வீட்டில் அவள் பெரியவள், இவள் சின்னவள். அலுவலகத்திலும் எப்படியோ அந்தப் பெயர் இவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆலோசகர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப மென்பொருளின் திரைகளை வடிவமைப்பதுதான் இவள் வேலை. அந்த மூலையிலிருந்து இவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்று காலையிலிருந்து கேட்டால் நோயாளிகள் உத்தமர்களாகி விடுகிறார்கள். இரவிலிருந்து பின்னோக்கிக் கேட்டால் பொய் கால் தடுக்கி விழுகிறது. ஆகவே இவளுடைய திரை இரவில் தொடங்கிக் காலையில் முடியும். இதோ, கோட்டுக்காரனின் திரையும் அப்படியே.

ஊரிலுள்ள மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே மென்பொருளை இன்று சாயங்காலம் தேர்ந்தெடுக்கப் போகின்றன. அதற்குள் திருடிக் கொடுத்தது யார் என்று பெயரோடு சொன்னால் போட்டிக்காரனைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிடலாம். சொல்லாவிட்டால்? "வரைபடம் முழுக்க இருந்தது உன் கையிலதாம்மா" என்று முதலாளி நேற்று பதமாகத்தான் சொன்னார். பதமாகச் சொன்னாலும் பழி பழிதான். அவளுடைய பெயர் இன்று சாயங்காலம் வரை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வேண்டிய பெயர் அவளிடமே இருந்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நிரல் எழுதிய தாடிக்காரன். அவள் கை காட்டியதும் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நடிப்பு என்று அப்போது நினைத்தாள். பாக்கி இருப்பது ஆதாரம் மட்டும்தான். அதற்காகத்தான் இன்ஸ்பெக்டரம்மாவையும் அவர் உதவியாளரையும் முதலாளி வரவழைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் வேலையில் ஒரு நாளும் இருந்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் தோண்டி எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய உதவியாளருக்குப் புயல் என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர். நாற்பது வயது, தொப்பை, நாற்காலியிலிருந்து எழுவதற்கே முன்னறிவிப்பு தேவைப்படும் உடம்பு.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அந்தப் புயல் திடீரென்று வீசியது. "மேடம், இந்த ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலா இருக்கு."

"எந்த ஆளுக்கு?"

"திரையில இருக்கிற நோயாளிக்கு."

வெறும் திரையைக் காட்டி மென்பொருளை விற்க முடியாது. அதற்கென்று மாதிரிக்கு ஒரு நோயாளியை உருவாக்கி, அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை நிரப்பி வைப்பார்கள். சின்னவளின் மாதிரி நோயாளி ஒரு லாரி ஓட்டுநர். சர்க்கரை நோய், முழங்கால் வலி, மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடும் பழக்கம். போட்டிக்காரன் அவரை அப்படியே தூக்கி, பஸ் ஓட்டுநராக்கி, வயதைக் கொஞ்சம் கூட்டியிருந்தான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"இவங்க திரையில ராத்திரி சோறும் காயும், மதியம் சோறும் மீனும், காலையில ரொட்டியும் முட்டையும்" என்றார் புயல், சொல்லும்போதே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு. "அவங்க திரையில நடுவுல ஒண்ணு இருக்கு. நாலு மணிக்கு. கெட்டிப் பால், அதான் டப்பாவுல வர்ற இனிப்புப் பால், ஒரு ஸ்பூன், நின்றபடி. சாப்பாட்டு விஷயத்துல என் கண்ணு தப்பாது மேடம். வேற எதுல தப்பினாலும்."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து திரைக்கு அருகில் போனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த வரியைப் படித்தார். கண்ணாடியை எதற்காக வாங்கினாரோ!

"எனக்கு ஒண்ணு புரியல. திருடன்னா எடுத்துக்கிட்டுத்தானே போவான்? இந்தத் திருடன் ஏன் ஒரு ஸ்பூன் வச்சுட்டுப் போனான்?"

சின்னவள் மேஜையில் தட்டினாள். "இதுதான் மேடம் ஆதாரம்! தாடிக்காரன் மேஜையில எப்பவும் ஒரு கெட்டிப் பால் டப்பா இருக்கும். காபியில கலந்து குடிப்பான். அவன் புத்தி அங்கதான் போகும்."

"அப்போ என்னையும் பிடிச்சு உள்ள போடணும். எங்க வீட்டுல ரெண்டு டப்பா இருக்கு" என்றார் புயல்.

"டப்பா சரி. 'நின்றபடி'?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நிரல் எழுதுறவனுக்கு, நோயாளி நின்னா என்ன, உக்காந்தா என்ன? இந்த மாதிரி ஒரு நாளைப் படிச்சு, எது சரி எது தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் யாராவது வேணும்."

"எங்க அக்கா இருக்காளே!" என்றாள் சின்னவள். சொன்னபோது அவள் குரலில் பெருமை இருந்தது. "இந்த மென்பொருளைச் சோதிச்சுப் பார்த்ததே அவதான். அவளை மிஞ்சின ஆள் கிடையாது."

கிளம்பும்போது இன்ஸ்பெக்டரம்மா சுவர் அருகே நின்றுவிட்டார். அங்கே ஒரு பெண்ணின் கோட்டோவியம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பிடி உடைந்த ஒரு கோப்பையும் வரைந்திருந்தது. கீழே சின்னவளின் அழகான கையெழுத்தில் சில வரிகள். 'நமது பயனர்: உணவு ஆலோசகர். களைத்துப் போனவர். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. பாதி கேட்டதுமே முடிவுக்கு வந்துவிடுவார். வெட்டிப் பேச்சில் நேரம் வீணாகிறது.'

"இது யாரும்மா?"

"யாரும் இல்ல மேடம். நிறைய ஆலோசகர்களைப் பார்த்து ஒருத்தரா ஆக்கினது."

"நிறைய பேர்னா?"

"நிறைய பேர்தான்" என்றாள் சின்னவள், கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே.

*

காரில் புயல் முன்னால், பெண்கள் இருவரும் பின்னால். இன்ஸ்பெக்டரம்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி கேட்டார்.

"அந்த லாரிக்காரர் யாரு?"

"கற்பனை மேடம்."

"கற்பனைக்கு சட்டைப் பை கிடையாதும்மா. மாத்திரையைப் பையில வச்சுட்டு வீடெல்லாம் தேடுற மனுஷனை யாரும் உக்காந்து யோசிக்க முடியாது."

சின்னவளும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "எங்க அப்பா" என்றாள். "தவறி மூணு வருஷம் ஆச்சு. ஒரு ஆளை நிரப்பணும்னதும் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அப்படியாவது தினமும் அவரைப் பார்க்கலாமேன்னு."

"அப்பா கெட்டிப் பால் சாப்பிடுவாரா?"

"இனிப்பா? தொடவே மாட்டார்! சர்க்கரைன்னு தெரிஞ்ச நாள்லேருந்து நாக்குல வச்சதில்ல. அக்கா ஒரு பார்வை பார்த்தா போதும், அடங்கிப் போயிடுவார். எங்க வீட்டுலயே அவ பேச்சை மீறாத ஒரே ஆள் அவர்தான்."

"நல்ல நோயாளி" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"ரொம்ப நல்ல நோயாளி" என்றாள் சின்னவள்.

"ரொம்ப நல்ல நோயாளின்னு யாரும் இல்லைங்க" என்றார் புயல், முன் சீட்டிலிருந்து. "மாட்டாத நோயாளிதான் உண்டு. அனுபவத்துல சொல்றேன்."

*

பெரியவளின் ஆலோசனை அறை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெளியே பெஞ்சில் நான்கைந்து பேர், எடை பார்க்கும் கருவியை எமனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, அளவுக் கரண்டிகள், தட்டில் அடுக்கிய மாதிரி உணவுகள். மூலையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் அங்கேயே கிடந்தது.

"வாடி! என்ன திடீர்னு? சாப்பிட்டியா?" என்று பெரியவள் எழுந்து வந்தாள். ஐந்து வயது மூத்தவள். நரையை மறைக்க மெனக்கெடாதவள். தங்கையின் தோளில் கை வைத்து அருகில் இழுத்துக்கொண்டாள். சின்னவளுக்கு நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது கண்ணில் முட்டியது. இந்தப் பாழாய்ப்போன விவகாரத்தில் சாய்ந்துகொள்ள ஒரு தோளாவது இருக்கிறதே என்று இருந்தது.

அதற்குள் புயல் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துவிட்டார்.

"அது ரப்பர்" என்றாள் பெரியவள்.

"தெரியுங்க. எவ்வளவு கெட்டின்னு பார்த்தேன்" என்றார் புயல், வாய்க்கு அருகில் போயிருந்த கையைக் கௌரவமாக இறக்கியபடி.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உக்காருங்க. நேத்து ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி கடைசியா வாயில போட்டது என்ன?"

"தண்ணி."

"அதுக்கு முன்னாடி?"

"கொஞ்சூண்டு சோறு. ஒரு பறவை சாப்பிடுற அளவு."

"நெருப்புக்கோழியும் பறவைதான். அதுக்கு முன்னாடி?"

"மதியச் சாப்பாடுங்க. நடுவுல ஒண்ணும் இல்ல."

பெரியவள் பேனாவை மேஜை மேல் வைத்தாள். கணினியைத் திரும்பியும் பார்க்கவில்லை. புயலின் முகத்தையே பார்த்தாள். "மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டை. உங்க உடம்பு இதை ஒத்துக்காதே."

புயல் நெளிந்தார். "ரெண்டு பிஸ்கட்."

"ரெண்டா?"

"ரெண்டு பாக்கெட்."

"உக்காந்தா, நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தாங்க. சும்மா அலமாரியைத் திறந்தேன், அதுவா வந்து கையில..."

"அதான் விஷயம்" என்றாள் பெரியவள், எல்லோருக்கும் பொதுவாக. "நின்னுக்கிட்டு சாப்பிட்டதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. உக்காந்தாத்தான் சாப்பாடுன்னு நினைப்பு."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கேள்வியை அவள் எத்தனை முறை காதால் கேட்டிருக்கிறாள்! அந்த மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியிடமும் அக்கா கேட்கக் கேட்டிருக்கிறாள். உப்புச் சப்பில்லாத பேச்சு என்று காதிலிருந்து தள்ளிவிட்ட கேள்வி. தன் திரையில் அதற்கு அவள் இடமே வைக்கவில்லை. போட்டிக்காரனின் திரையில் அது எப்படி வந்தது? சே, ஆலோசகர்கள் எல்லோரும் கேட்பார்களாக இருக்கும் என்று மனதை அடக்கினாள். மனம் அடங்குகிற வழியாக இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா அசட்டையாகக் கேட்டார். "ராத்திரியிலேருந்து பின்னால போய்க் கேக்கிறீங்களே. தங்கச்சி கண்டுபிடிச்ச முறையா?"

பெரியவள் தங்கையைப் பார்க்கவில்லை. "இந்த நாற்காலியில உக்காந்த முதல் நாள்லேருந்து இப்படித்தான் கேக்கிறேன்" என்றாள்.

"சரி, ஒரு உதவி. இந்த லாரிக்காரரோட ஒரு நாள் சாப்பாடு. இதுல ஏதாவது தப்பு இருக்கா பாருங்க." இன்ஸ்பெக்டரம்மா தன் கைப்பேசியை நீட்டினார். அதில் இருந்தது சின்னவளின் பழைய திரை. கெட்டிப் பால் இல்லாதது.

பெரியவள் வாங்கிப் பார்த்தாள். அவசரமாகத்தான் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் தப்பில்லையே."

"ஒண்ணுமே?"

"ஒண்ணும் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா கைப்பேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆச்சரியமா இருக்கும்மா" என்றார் அவர். "இந்தத் தடியன் மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல ஒண்ணும் சாப்பிடலேன்னதும் விடாம துருவி எடுத்தீங்க. இவன் ஆரோக்கியமான ஆளு."

"நன்றி மேடம்" என்றார் புயல்.

"இந்த லாரிக்காரருக்கு சர்க்கரை. மாத்திரை போடுறவர். அவர் மதியம் சாப்பிட்டவர் ராத்திரி வரைக்கும் பட்டினின்னு எழுதியிருக்கு. எனக்கே படிச்சதும் மயக்கம் வருது. உங்க கண்ணுல மட்டும் அந்த ஓட்டை படலியா? படாம எப்படி இருக்கும்? ஒரு தடவை அதை அடைச்சவங்களுக்குத்தான் மறுபடியும் பார்க்கப் பயமா இருக்கும்."

மேஜை ஓரத்தில் பேனாக்கள் நிற்கும் ஒரு கோப்பை இருந்தது. பிடி உடைந்த கோப்பை. இன்ஸ்பெக்டரம்மா அதைத் தன் பக்கமாக இழுத்து, சின்னவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருடினவங்க ஏன் ஒரு ஸ்பூன் வச்சுட்டுப் போனாங்கன்னு காலையிலேருந்து மண்டையை உடைச்சுக்கிட்டேன். எடுக்க வந்தவங்க எதையும் சேர்க்க மாட்டாங்க. திருத்திப் பழகின கைதான் சேர்க்கும்" என்றார்.

"அக்கா" என்றாள் சின்னவள். "நீயா?"

பெரியவள் எழுந்து போய், வெளியே இருந்தவர்களிடம் "கொஞ்ச நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"நான்தான்" என்றாள்.

சின்னவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. சின்ன வயதில் கூட்டத்தில் அக்காவின் கையென்று நினைத்து வேறு யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்து முகம் வேறாக இருந்தபோது வந்த அதே திகில்தான் வந்தது. பிறகுதான் கோபம் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது.

"சோதிச்சுப் பார்க்கத்தானே உன்கிட்ட கொடுத்தேன்? உன்னை நம்பித்தானே கொடுத்தேன்? என் வேலை போகப் போகுது. முதலாளி என்னைத் திருடின்னு நினைக்கிறார். இவ்வளவு தெரிஞ்சும் இப்பக்கூட என் தோள்ல கை போட்டியே! எப்படி அக்கா உனக்கு மனசு வந்தது?"

"நம்பிக்கையைப் பத்தி நீ பேசு" என்றாள் பெரியவள். குரல் உயரவே இல்லை. "இந்த மூலையில ஒரு வருஷம் உக்காந்தே. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், 'என் தங்கச்சிதான், தைரியமா பேசுங்க'ன்னு சொன்னேன். நீ அவங்களைப் பார்க்கிறேன்னு நினைச்சேன். கண்கொத்திப் பாம்பா நீ பார்த்ததெல்லாம் என்னை."

"அது... எல்லாருக்கும் பொதுவா..."

"உங்க முதலாளி என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தச் சுவரைக் காட்டினார். அது யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் கோப்பையைப் பார்த்தேன். முகத்தைப் பார்ப்பதில்லை. பாதி கேட்டதுமே முடிவுக்கு வந்துவிடுவார். வெட்டிப் பேச்சு. ஒரு எழுத்து விடாம இன்னும் மனப்பாடமா இருக்கு."

"நீ அன்னைக்குச் சிரிச்சியே!"

"உங்க முதலாளி முன்னால நின்னு அழச் சொல்றியா?"

புயல் எதையோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டரம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு ரப்பர் ரொட்டியைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"அப்புறம் மேடையேறி, பின்னாலேருந்து கேக்கிற முறையை நான் கண்டுபிடிச்சேன்னு பேசினே" என்று பெரியவள் தொடர்ந்தாள். "நான் முன் வரிசையில உக்காந்து கை தட்டினேன். என் பேரு ஒரு இடத்துலயாவது வரும்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கோட்டுக்காரங்க வந்தபோது முதல்ல கேட்டது என் பேரைத்தான். தேர்வு முடிஞ்சதும் மென்பொருளோட முதல் திரையிலயே என் பேரைப் போடறோம்னாங்க. நீ சோதிக்கக் கொடுத்ததை எடுத்துக் கொடுத்துட்டேன். நீ என்னடி போட்டே? ஒரு உடைஞ்ச கோப்பை."

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே! கன்னத்துல அறைஞ்சிருக்கலாம். வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன். எதிரி வீட்டுக்குப் போகணுமா? பாவம், அந்தத் தாடிக்காரன் வேலை வேற போச்சு!"

"அவனை அனுப்பினது நானில்ல."

வாசலில் தாடிக்காரன் பார்த்த அந்தப் பார்வை சின்னவளுக்கு நினைவுக்கு வந்தது. அது நடிப்பில்லை என்று இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்? பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கடைசியாக மிச்சம் இருந்ததை எடுத்து வீசினாள்.

"சரி, திருடினே. அப்பாவை ஏன் அக்கா அசிங்கப்படுத்தினே? அவர் இனிப்பைத் தொட்டதே இல்ல. செத்துப்போன மனுஷன் வாயில ஒரு ஸ்பூனைத் திணிச்சு, ஊருக்கே படம் போட்டுக் காட்டினியே!"

பெரியவளின் முகம் அப்போதுதான் முதன்முறையாக உடைந்தது. அவள் தங்கையைப் பார்த்த பார்வையில் கோபம் போய், பரிதாபம் வந்திருந்தது. அது கோபத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

"உன்கிட்ட தொடமாட்டேன்னு சொல்லியிருப்பார். நீ அவரை அவ்வளவு நல்லவரா நினைச்சே, அவரால வேற என்ன சொல்ல முடியும்?" என்றாள். "சாயங்காலம் சர்க்கரை இறங்கி அவருக்குக் கை நடுங்கும். லாரி ஷெட்ல, டூல்ஸ் பெட்டிக்குப் பின்னால ஒரு டப்பா. நின்னுக்கிட்டே ஒரு ஸ்பூன். என்கிட்ட முதல் நாளே சொல்லிட்டார். நான் திட்டல. டாக்டர்கிட்ட பேசி மாத்திரை அளவைக் குறைக்க வச்சேன். அந்தக் கம்பெனிக்காரங்க திரையைக் காட்டி, சரியா இருக்கான்னு பாருங்கன்னாங்க. அப்பா மாத்திரையைப் போட்டுக்கிட்டு சாயங்காலமெல்லாம் பட்டினியா லாரி ஓட்டின மாதிரி நீ எழுதி வச்சிருந்தே. மாட்டிக்குவோம்னு தோணவே இல்ல. கை சும்மா இருக்கல."

சற்று நிறுத்தி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்வார்கள்'னு உன் குறிப்புல முதல் வரியா எழுதியிருக்கியே. அப்பா என்கிட்ட பொய் சொன்னதே இல்லடி."

அக்கா ஏமாற்றினாள் என்றுதான் சின்னவள் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுமா? தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நல்ல நோயாளி, அவளுக்காக அவர் போட்ட வேஷமா? ஊரார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வருடம் உட்கார்ந்து ஆராய்ந்தவளுக்கு, தன் வீட்டு மனிதர் சாயங்காலம் எங்கே போய் நிற்கிறார் என்று தெரியவில்லை. வெட்டிப் பேச்சு பேசியவளுக்குத் தெரிந்திருந்தது.

"என் வேலை முடிஞ்சதும்மா" என்று இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக எழுந்தார். "யாருன்னு கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டீங்க. வாயைத் திறந்து பேரைச் சொல்றது உங்க வேலை. புயல், நாம வெளிய இருப்போம்."

புயல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எழுந்தார்.

கதவு சாத்தப்படுவதற்குள் சின்னவளின் கைப்பேசி அதிர்ந்தது. முதலாளி. அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா? இங்க எல்லாரும் வந்துட்டாங்க. தாடிக்காரன்தானே? அவன் பேரைச் சொல்லிடவா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் பெயர் தப்பிக்கும், அக்காவின் பெயரும் தப்பிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நாளையும் இங்கே வந்து தைரியமாகப் பேசுவார்கள். தாடிக்காரன் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறான். இப்படியே நின்ற நிலையில் சொல்லிவிட்டு, நாளைக்கு நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று மறந்தும்விடலாம்.

"அவன் இல்ல சார்" என்றாள்.

"அப்போ யாரு?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அழுதுகொண்டோ கெஞ்சிக்கொண்டோ இருப்பாள் என்று நினைத்தாள். பெரியவள் அவள் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நோயாளியைப் பார்ப்பதுபோல. பிறகு மூலைக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து தங்கைக்கு முன்னால் போட்டாள்.

"உக்காந்து சொல்லு" என்றாள். "நின்னுக்கிட்டு சொன்னா நாளைக்குக் கணக்குல சேராது."

சின்னவள் உட்கார்ந்தாள்.

"எங்க அக்கா சார்" என்றாள்.